அர்ஜென்டினா நத்தையும் கிளியூர் நாற்றங்காலும்

மீன் கடையில் வேலை செய்கிறேன் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முதலில் மூக்கைச் சுருக்குவார், அப்புறம்தான் எந்த மீன் என்று கேட்பார். வளர்க்கிற மீன். ஏற்காடு பஜாரில் பாய் கடை. பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்று அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். ஏன் நின்றாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறேன்: பிடிக்கவில்லை.

கடையில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் நிற்கிற ஆளைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும். உங்களில் பாதிப் பேருக்கு அது இருக்கும், எனக்குக் கொஞ்சம் முற்றிப்போனது. அந்த வியாதி ஒரு குடும்பத்தின் வருஷத்துச் சோற்றில் கை வைக்கப் பார்த்த கதையும் இதில் வருகிறது. நான் நல்லவளாகத் தெரிய வேண்டும் என்று எதையும் மாற்றி எழுதவில்லை.

பந்து ஆடாத நத்தை

பாய் சென்னைக்குப் போய் மீன் எடுத்து வந்தபோது ஒரு தடவை தெர்மாக்கோல் பெட்டி ஒன்று கூடுதலாக வந்தது. திறந்தால் நத்தை. எலுமிச்சம்பழ நிறம், எலுமிச்சம்பழ அளவு. மொத்த வியாபாரி "தென் அமெரிக்கா சரக்கு, மூடி போட்டு வை" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார். தென் அமெரிக்காவில் பாய்க்குத் தெரிந்த நாடு ஒன்றுதான், அதுவும் பந்தாட்டத்தால். 'அர்ஜென்டினா நத்தை' என்று பலகை எழுதித் தொங்கவிட்டார்.

மழை பெய்தால் சுவரெல்லாம் நத்தை ஊர்கிற மலை இது. இங்கே நத்தையைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். சுற்றுலா வந்தவர்கள் வாங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள். எதிர்வரிசைக் காய்கறிக் கடை அம்மா பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, கண்ணாடியில் மூக்கு ஒட்டும்வரை குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏங்கண்ணு, ஊர்ப் பேருக்கு ஏத்தாப்பல பந்து கிந்து ஆடுமா, இல்ல எங்கூட்டுக் கொல்லையில கெடக்கறதாட்டம் சும்மாதான் கெடக்குமா?"

மூடி

ஒருநாள் காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு நத்தைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. முந்தின நாள் சாயங்காலம் தொட்டி மூடியைச் சரியாகத் தள்ளாமல் போனது நான்தான். மூடியின் உள்பக்கம் இளஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பபிள் கம் ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்து எரிச்சலோடு பிளேடால் சுரண்டிக் காகிதத்தில் போட்டேன். அது முட்டை என்று அன்று எனக்குத் தெரியாது.

நத்தை எங்கே இருந்தது தெரியுமா? கடையில் உள்ள எல்லா ஏர் பம்புக்கும் கரண்டு போகிற பிளக் பெட்டியின் மேல். ஈர உடம்போடு, பிளக் ஓட்டையிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி. பாய் மெயினை அணைத்தார். பம்பெல்லாம் நின்றது. கடை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்தன. பாய் காய்ந்த துண்டால் நத்தையை எடுத்தார், பெட்டியைத் துடைத்தார், ஓர் அட்டையால் விசிறிக் காயவைத்தார்.  காகிதத்தில் இருந்த சுரண்டலைக் காட்டினேன். அதைச் சுருட்டி டீ அடுப்பில் போட்டுவிட்டு வந்து மெயினைப் போட்டார். அப்புறம்தான் பேசினார்.

"இன்னைக்கு மூடிய மறந்தே, கடையோட போச்சு புள்ள. நாளைக்கு வெளியில மறந்தீன்னா ஊரோட போகும்."

ரைட்டரின் செடித் தொட்டி

கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டராக இருப்பவர் எங்கள் கடைக்குப் பழைய வாடிக்கை. மீனைவிடத் தண்ணீர்ச் செடி மேல்தான் அவருக்கு ஆசை. ஒரு வருஷமாக வளர்த்த தொட்டி, உள்ளே சின்னக் காடு மாதிரி இருக்கும். கண்ணாடியில் பாசி பிடிக்கிறது என்றார். இரண்டு நத்தை கொடுத்தேன். நாலாம் நாள் போனை நீட்டிக்கொண்டே படியேறினார். படத்தில் மண்ணும் தண்ணீரும் இரண்டு மஞ்சள் உருண்டையும் மட்டும் இருந்தன.

பாய் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மன்னிப்புக் கேட்டு, வேறு செடி கொடுப்பதாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இது பாசி திங்கற சாதி இல்ல. பச்சையா எதக் கண்டாலும் திங்கற சாதி. கண்ணாடித் தொட்டி, மேல மூடி, உள்ள செடி இல்ல, அப்படின்னா மட்டும் குடு. கெணறு, குட்டை, தண்ணித் தொட்டின்னு எவன் வந்து கேட்டாலும் இல்லைன்னு சொல்லு. வெளங்குச்சா?" விளங்கியது. நன்றாகவே விளங்கியது, அதனால்தான் பின்னால் நடந்ததற்கு எனக்குச் சாக்கு எதுவும் இல்லை. ரைட்டர் புதுச் செடிப் பையை வாங்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்:

"ஏம்மா, ஒரு ஆட்டுக்குட்டியப் புடிச்சுத் தொட்டிக்குள்ள உட்டிருந்தாக்கூட வேரையாச்சும் மிச்சம் வெச்சிருக்குமே."

மூன்று நிமிஷம்

கோடை. ஞாயிற்றுக்கிழமை. மலையேறிய பஸ் எல்லாம் எங்கள் கடை வாசலில்தான் இறக்கிவிட்டதோ என்கிற மாதிரிக் கூட்டம். ஒரு குழந்தைக்குச் சண்டை மீன் வேண்டும், அதுவும் இரண்டு, ஒரே பாட்டிலில். ஒருவர் வாங்கின பை தரையில் விழுந்து உடைந்து மோலி மீன் துள்ளுகிறது. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து வந்தார் பழனி அண்ணன். கிளியூர்க்காரர். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, ஓடையோரம் இரண்டே இரண்டு நெல் வயல். எதையும் இரண்டு தடவை சொல்வார், இடையில் ஒரு தடவை மூச்சு விடுவார்.

"ஊட்டுக்கு மேல ஒரு கல்லுத் தொட்டி இருக்குது கண்ணு. ஊத்துத் தண்ணி வந்து வுழுவும். ஊத்துத் தண்ணிதான், நல்ல தண்ணி. பாசி நொம்பப் புடிச்சுப் போச்சு. மருந்து எதாச்சும்..."

தொட்டியை இறைத்துத் தேய்த்துச் சுண்ணாம்பு அடியுங்கள், மருந்து வேண்டாம். இதுதான் சரியான பதில். இவரிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க மூன்று நிமிஷம் ஆகும். எனக்குப் பின்னால் சண்டை மீன் குழந்தை அழுதுகொண்டிருந்தது. வலையை விட்டேன், ஆறு நத்தை அள்ளினேன், பையில் போட்டுக் கட்டப்போனேன். "இதப் போடுங்கண்ணா, பாசியெல்லாம் சுத்தமாயிரும்." அவர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தக்காளி வாங்கினாலும் கொத்தமல்லி வாங்கினாலும் எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்பதை அவரும் கேட்டார்: "கொசுறு ஒண்ணு போடு சாமி." ஒன்றை அள்ளிப் போட்டேன். பில்லில் ஆறு என்று எழுதினேன். அவர் போகும்போது பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பள்ளிக்கூடம் போன புள்ள சொன்னாச் செரியாத்தான் இருக்கும், மருந்துன்னாத்தான் நமக்குப் பயம், இது உசுருதானுங்களே."

நத்தை அக்கா

ஆடி பிறந்து, மழை வருவதும் போவதுமாக இருந்த ஒரு நாள் சேலத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். கல்லூரியில் விலங்கியல் படிக்கிறவர். காப்பித் தோட்டங்களில் உதிர்ந்த இலைக்கு அடியில் என்னென்ன நத்தை இருக்கிறது என்று எண்ணுவதுதான் அவர் படிப்பு. இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்திருந்தால் நான் நின்றிருக்க மாட்டேனோ என்னவோ. மூடி போட்ட சின்ன டப்பா கேட்டார். தன்னிடம் இருந்த ஒன்றைத் திறந்து காட்டினார். கடுகு சிந்தியிருக்கிறது என்று நினைத்தேன். கடுகு நகர்ந்தது. "இது உங்க மலை நத்தை. இதெல்லாம் இங்கயே இருக்கறது" என்றார். அப்போது பலகையைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"போர்டுல ஊர் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போனைத் திறந்தார். அர்ஜென்டினாவில் நிலத்திலும் நன்னீரிலும் இருக்கிற நத்தைகளின் பட்டியல். விரலால் தள்ளத் தள்ள நீண்டுகொண்டே போனது. ஓரிடத்தில் நிறுத்தி, இதுதான் உன் தொட்டியில் இருக்கிறது என்றார். அந்த ஊரில் இதையே தேடித் தின்கிற பருந்து உண்டாம். இங்கே அது கிடையாது. நம் வயல் நத்தை வெள்ளை முட்டையை ஈர மண்ணில் இடும், இது தண்ணீருக்கு மேலே ஏறி இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக ஒட்டிவைக்கும். இரண்டு வாரத்தில் பொரியும், ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில். சேம்பு தின்னும். எல்லாவற்றையும்விட இளம் நெல் நாற்று இதற்குப் பிடிக்கும். வெறும் கையால் தொடக்கூடாது, முட்டையையும் நத்தையையும் கொதிக்கிற நீரில் போட வேண்டும். எல்லாவற்றையும் வேகமாகச் சொன்னார். எனக்கு ஒரு இடத்துக்கு மேல் காது கேட்கவில்லை. பபிள் கம் ஞாபகம் வந்தது. கல்லுத் தொட்டி ஞாபகம் வந்தது. "தொறந்த தண்ணிக்குன்னு யாருக்காவது குடுத்திருக்கியா?" என்று கேட்டார். பக்கத்தில் பாய் நின்றார்.

"இல்லக்கா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டு, போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"கண்ணாடிக்குள்ள இருக்கற வரைக்கும்தான் இது உங்க நத்தை, ஓடையில எறங்கிட்டா எல்லாரோட நத்தை."

ஈரச் சாக்கு

மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைவலி என்று பாயிடம் இரண்டாவது பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளியூருக்கு ஜீப் ஏறினேன். வானம் கருத்திருந்தது. ஜீப்பில் எல்லோரும் மழை வந்தால் நல்லது என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழனி அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தார். அவர் மனைவி செல்வி அக்கா, "பாய் கடைப் புள்ளையா, வா சாமி, உங்க நத்தை நல்லாருக்குது" என்று நேராகத் தொட்டிக்குக் கூட்டிப்போனார். சரிவில் தொட்டி. அதற்குக் கீழே சேம்பு. அதற்கும் கீழே இரண்டு வயல், ஒன்றில் நாற்று. நெருக்கமாக, இளசாக, கிளிப்பச்சையாக நின்றது. "இந்த நாத்துதான் ரெண்டு வயலுக்கும். அடுத்த ஆடி வரைக்கும் எங்களுக்கு இதுதான் அரிசி" என்றார். தொட்டி நிரம்பினால் வழிவதற்கு விளிம்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அது இறங்குகிற வாய்க்கால் நாற்றங்காலில்தான் முடிகிறது. கோடை முழுக்கத் தண்ணீர் அந்தக் குழாய்க்கு எட்டவில்லை. இப்போது நாலு விரல்கடைதான் பாக்கி. விரலை வைத்து அளந்து பார்த்தேன்.

உள்ளே மிளகு அளவில், கடலை அளவில், பெரிய நெல்லிக்காய் அளவில் நத்தை. தொட்டிக்குள் சாய்ந்திருந்த சேம்பு இலை ஒன்றில் நரம்பு மட்டும் நின்றது. சுவரில் ஒரு சாக்கு விரித்திருந்தது. செல்வி அக்கா அதைத் தூக்கிக் காட்டினார். கீழே வரிசையாக இளஞ்சிவப்புக் கொத்துகள், ஒன்றுகூடக் காயவில்லை. தூங்குகிற குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி மறுபடி மூடினார்.

"வெவரந்தெரியாம வெயில்ல போயி முட்ட வெச்சிருச்சு பாரு, காஞ்சு போயிருமேன்னு தெனம் சாக்க நனச்சு நாந்தான் மூடி வெக்கறேன், எங்கூட்டுக் கோழிக்குக்கூட இத்தன பாடு பட்டதில்ல."

கட்டை

பழனி அண்ணன் வந்ததும் சொன்னேன். இதெல்லாம் நாற்றைத் தின்னும், இன்றைக்கே எடுக்க வேண்டும், மழைக்கு முன்னால். அவர் முதலில் சிரித்தார். சேம்பு இலையைக் காட்டினேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து நாற்றைப் பார்த்தார். அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. "இதுக்கு எதுக்கு இத்தன பேச்சு? தண்ணியத் தொறந்து உட்டா அது பாட்டுக்குப் போயிருது" என்று தொட்டியின் அடியில் துணி சுற்றி அடித்திருந்த கட்டையைப் பிடுங்கக் குனிந்தார். நான் ஓடிப்போய்க் கட்டைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"நவுரு கண்ணு."

"தொறக்காதீங்கண்ணா. இந்தத் தண்ணி எங்க போகுது?"

"வாய்க்காலுக்கு."

"வாய்க்கால் எங்க போகுது?"

அவர் கையை எடுத்தார். ஆனால் கோபம் வந்துவிட்டது. "பாசிக்கு நல்லதுன்னு நீதான குடுத்த? இப்ப நீயே வந்து வெசங்கற. எதத்தான் நம்பறது?" மேலே இடி உருண்டது. அப்போது உண்மையைச் சொல்வதைவிட வேறு எதுவும் சீக்கிரம் முடியாது என்று தோன்றியது. "தொறந்த தொட்டிக்குக் குடுக்கக் கூடாதுன்னு பாய் சொல்லியிருந்தாருங்கண்ணா. எனக்குத் தெரியும். நீங்க நின்னு பேசிட்டிருந்தீங்க, பின்னால கூட்டம். உங்கள அனுப்பறதுக்காகக் குடுத்தேன்." செல்வி அக்கா போர்த்திய சாக்கைத் திரும்ப எடுத்தார், அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.  பழனி அண்ணன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"நாம் பேசறது நீளம்னு இவளுந்தான் சொல்லுவா, அதுக்காக எஞ்சோத்துல கை வெப்பியா கண்ணு."

ஆறு

பாய்க்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன், தலைவலி உட்பட. தொழுகை முடிந்ததும் வண்டியில் வந்தார். கடையில் இருந்த வலைகள், பழைய கொசுவலை, ஒரு மூட்டை சுண்ணாம்பு.  கையில் மாட்டிக்கொள்ளப் பாலிதீன் பையை மட்டும் நீட்டினார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஊற்றுக் குழாயை வேறு பக்கம் திருப்பினோம். வழிகிற குழாயின் வாயில் கொசுவலையை மடித்துக் கட்டினோம். முட்டைக் கொத்துகளைச் சுரண்டி அண்டாவில் கொதிக்கிற தண்ணீரில் போட்டோம். செல்வி அக்கா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் வாளி வாளியாக மொண்டு, கொசுவலையில் வடிகட்டி, வயலுக்கு எதிர்ப்பக்கம் காப்பிச் செடிக்குள் ஊற்றினோம். வலையில் தங்கியதெல்லாம் அண்டாவுக்கு. அதைப் பற்றி அழகாக எழுத எனக்குத் தெரியாது. சாவதற்கென்று அது அர்ஜென்டினாவிலிருந்து வரவில்லை, நாங்கள்தான் கொண்டுவந்தோம்.

பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. கீழே வயல் மறைந்தது, அப்புறம் சேம்பு மறைந்தது. நான் கொடுத்த பெரிய நத்தை ஒவ்வொன்றாகக் கிடைக்க, பாய் உரக்க எண்ணினார். மூன்று. நாலு. சேற்றில் புதைந்திருந்து ஐந்து. முதல் தூறல் விழும்போது பழனி அண்ணன் மூலையிலிருந்து ஒன்றைத் தூக்கினார். "ஆறு" என்றார் பாய். பில் புத்தகத்தையே சட்டைப்பையில் எடுத்து வந்திருந்தார். அதைப் பிரித்துக் காட்டினார். "பில்லுல ஆறு. கையில ஆறு. முடிஞ்சுது." எல்லோரும் முதுகை நிமிர்த்தினார்கள். பழனி அண்ணன் என்னைப் பார்த்து முதல் தடவையாகத் தலையை ஆட்டினார். செல்வி அக்கா டீ வைக்கிறேன் என்று கிளம்பினார்.

நான் மட்டும் நிமிரவில்லை. வலை, பை, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த கை. கொசுறு. பில்லில் ஏறாத ஒன்று. கேட்டவருக்கே ஞாபகம் இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு மூச்சு விடுகிற நேரம் நான் பேசாமல்தான் இருந்தேன். அப்புறம் சொன்னேன். "ஏழு."

பாய் என்னைப் பார்த்தார். பில்லைப் பார்த்தார். "ஏழா?"

"கொசுறு ஒண்ணு போட்டேன் பாய்."

செல்வி அக்கா திரும்பி வந்து தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். மழை வலுத்தது. நாலு பேரும் மறுபடி குனிந்தோம். சேறு முழுக்க அளைந்தோம், சுவரின் சந்து பொந்தெல்லாம் தடவினோம். இல்லை. நான் வழிகிற குழாயைப் பார்த்தேன். கட்டியிருந்த கொசுவலையை அவிழ்த்துப் போன் விளக்கை அடித்தேன். ஒரு முழம் உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. நாங்கள் வலை கட்டும்போதே அது உள்ளே போய்விட்டிருக்கிறது. நாங்கள் அடைத்தது இந்தப் பக்கத்தை. அது பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்தை. மழைத் தண்ணீர் குழாயின் கீழ் முனையில் ஓட ஆரம்பித்திருந்தது.

பழனி அண்ணன் கை உள்ளே போகவில்லை. என் கை போனது. விரல் நுனி ஓட்டைத் தொட்டது. தொட்டதும் அது உள்ளே இழுத்துக்கொண்டு, பிடி விட்டு, இன்னும் ஒரு சாண் வழுக்கிப் போனது. "கீழ, கீழ" என்று கத்தினேன். செல்வி அக்காதான் ஓடினார். கையில் கிடைத்தது அந்த ஈரச் சாக்கு. வழுக்குகிற சரிவில் உட்கார்ந்தே இறங்கி, சாக்கைச் சுருட்டிக் குழாயின் கீழ் வாயில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். பாய் நீளமான காப்பிக் குச்சி ஒன்றை ஒடித்துக் கொடுத்தார். தள்ளினேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளினேன். கீழேயிருந்து சத்தம் வரவில்லை. மழை மட்டும்தான் கேட்டது. பழனி அண்ணன் மூடுபனிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு செல்வி அக்கா மேலே ஏறி வந்தார். நனைந்து, புடவையெல்லாம் சேறு. சாக்கை விரித்தார். நடுவில் ஏழாவது, ஓட்டின் கதவைச் சாத்திக்கொண்டு. அதை அண்டாவில் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் பக்கம் திரும்பி ரொம்ப அமைதியாகச் சொன்னார்:

"ஏனுங்க, இனிமேலு எந்தக் கடையிலயும் கொசுறு கேக்காதீங்க."

பலகை

தொட்டிச் சேற்றை அள்ளிச் சுண்ணாம்பு கலந்து புதைத்தோம். நாலு நாள் காயவைத்து உள்ளேயும் சுண்ணாம்பு அடித்தார்கள், அதாவது முதல் நாளே நான் மூன்று நிமிஷத்தில் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் செய்தார்கள். பாய் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த நாள் மதியம் கடைத் தொட்டியில் மீதியிருந்த நத்தைகளையும் என் கையாலேயே வெந்நீரில் போடச் சொன்னார். போட்டேன். நத்தை அக்காவுக்குப் போன் செய்து, அன்றைக்குச் சொன்னது பொய் என்றேன். "தெரியும்" என்றார். அடுத்த வாரமே வந்து ஓடையில் இறங்கிப் பார்த்தார். பின்னால் மூன்று வெள்ளிக்கிழமை நான் தனியாகப் போய் வாய்க்கால் ஓரம், சேம்புத் தண்டு, நாற்று என்று இளஞ்சிவப்பைத் தேடினேன். கிடைக்கவில்லை. நாலாவது வெள்ளிக்கிழமை போனபோது நாற்றங்கால் காலியாக இருந்தது. ஓட்டமாக இறங்கினேன். பக்கத்து வயலில் செல்வி அக்கா குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்.

பாய் பழைய பலகையைத் துடைத்து என்னிடமே கொடுத்து எழுதச் சொன்னார். 'இங்கு நத்தை விற்பதில்லை. முன்பு வாங்கியவர்கள் ஏரியிலோ ஓடையிலோ விட வேண்டாம். இங்கே கொண்டுவந்து கொடுங்கள்.' முதல் ஆளாக ரைட்டர், தனியாக ஒதுக்கி வைத்திருந்த தன் இரண்டு நத்தையையும் மூடி போட்ட டப்பாவில் கொண்டுவந்து, இரண்டு கையாலும் நீட்டினார். காய்கறிக் கடை அம்மா இந்தத் தடவையும் எழுத்துக்கூட்டிக் கடைசிவரை படித்தார்.

"விக்கற சரக்குக்கு அன்னைக்கு ஒரு வரி எழுதுனீங்க, விக்காத சரக்குக்கு இன்னைக்கு மூணு வரி எழுதியிருக்கறீங்க, உங்க பாய்க்கு யாவாரம் ஒரு மாதிரிதான் கண்ணு."

நத்தை மெதுவாகப் போகும் என்று சொல்கிறவர்கள் யாரும் அதை அவசரத்தில் விற்றுவிட்டு அதன் பின்னால் ஓடிப் பார்த்ததில்லை.